கப்பல் கட்டும் குடும்பங்களும் தூத்துக்குடிக் கனவும்

மக்களே, இது கொஞ்சம் கோபத்தில் எழுதுவது. நீளமும் கூட. ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2025 செப்டம்பரில் இருந்து என் போனுக்கு வருகிற ஃபார்வர்டுகளில் பாதி கப்பல் சம்பந்தப்பட்டதுதான். காரணம் தெரிந்ததே. 24-ம் தேதி மத்திய அமைச்சரவை கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே மாதம் கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தூத்துக்குடியில் ஆளுக்கு 15,000 கோடியில் யார்டு போடுவதாகத் தமிழக அரசோடு கையெழுத்துப் போட்டன. டிசம்பரில் கொரியாவின் எச்டி ஹூண்டாய் வந்து அதே தூத்துக்குடிக்காக இன்னொரு ஒப்பந்தம் போட்டது.

டோம்பிவிலி, செம்பூர், சூரத், வாபி என்று பரவிக் கிடக்கிற நம்ம ஆட்களுக்கு இது வெறும் செய்தி இல்லை. வெல்டராக, ஃபிட்டராக, க்யூசி இன்ஜினீயராக இருபது வருஷம் இந்தப் பக்கம் கழித்தவனுக்கு இது ஊருக்குத் திரும்புகிற டிக்கெட். செம்பூர் முருகன் கோயில் படிக்கட்டில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ஹூண்டாயே வாரான். இனி நமக்கென்ன கவலை? பையன மெரைன்ல சேத்துட்டேன், முள்ளக்காடு பக்கம் ஒரு பிளாட்டும் பாத்துட்டு இருக்கேன்."

அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு ஆசை இல்லை. என் கோபம் எல்லாம் அந்த ஃபார்வர்டு எழுதுகிற புண்ணியவான்கள் மேல்தான். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: "கப்பல் கட்டுவது அரசாங்க வேலை இல்லை. குடும்ப முதலாளிகள் கையில் விடுங்கள், பணத்தை ஊற்றுங்கள், பத்து வருஷத்தில் நாமும் கொரியா." கீழே கைதட்டல் பொம்மைகள்.

ஐயா, விட்டுத்தான் பார்த்தோமே! பணத்தையும் ஊற்றித்தான் பார்த்தோமே! ஏபிஜி ஷிப்யார்டு என்ற பெயர் அதற்குள் மறந்துபோச்சா?

மறந்தவர்களுக்காக: 1985-ல் மகதல்லா ஷிப்யார்டு என்ற பெயரில் சூரத்தில் தப்தி ஆற்றங்கரையில் ஆரம்பித்த கம்பெனி. அகர்வால் குடும்பத்தின் கையில் ஏபிஜி என்று வளர்ந்து, நர்மதை முகத்துவாரத்தில் தஹேஜில் இன்னொரு பெரிய யார்டும் போட்டது. 16 வருஷத்தில் 165-க்கு மேல் கப்பல்கள் கட்டியதாகவும் அதில் 46 வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு என்றும் வழக்கு ஆவணங்களிலேயே வருகிறது. சிமெண்டைத் தானே ஏற்றி இறக்கும் கப்பல், டைவிங் சப்போர்ட் கப்பல், மிதக்கும் கிரேன், இன்டர்செப்டர் படகு என்று எல்லாம் கட்டினார்கள்.

வேலை மட்டமா? இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யார்டு மூழ்கியதும் பழி முதலில் தொழிலாளி தலையில்தான் விழும், "நம்ம ஆளுங்களுக்குக் கப்பல் கட்டத் தெரியாது" என்று. 2021-ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்தபோது இந்தியக் கடலோரக் காவல்படை உதவிக்கு அனுப்பிய கப்பல்களில் 'சமுத்திர பிரஹரி' ஒன்று. எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கவே செய்த கப்பல். கட்டியது ஏபிஜி, சேவையில் சேர்ந்தது 2010-ல். ஒரிசாக்காரனும் பீகார்க்காரனும் நம்மூர்க்காரனும் சேர்ந்து பற்றவைத்த இரும்பு அது.

அப்படியானால் எங்கே உடைந்தது? காகிதத்தில்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கப்பல் கட்டுவது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். யாரும் முழுக் கப்பலையும் கட்டிவைத்து விற்பதில்லை. ஒப்பந்தம் போட்டதும் ஒரு தவணை, இரும்பு வெட்ட ஆரம்பித்ததும் ஒன்று, கீல் வைத்ததும் ஒன்று, தண்ணீரில் இறக்கியதும் ஒன்று, கையில் ஒப்படைத்ததும் மிச்சம். வாடிக்கையாளர் கொடுப்பது முன்பணம், கப்பலோ இன்னும் பிறக்கவே இல்லை. எனவே அவன் கேட்பான்: "நீ கட்டித் தராவிட்டால் என் பணத்துக்கு யார் பொறுப்பு?" இங்கேதான் நம்ம பேங்க் உள்ளே வருகிறது. ரீஃபண்ட் கேரண்டி என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கிறது. யார்டு சொன்ன தேதியைத் தாண்டிக் குறிப்பிட்ட கெடுவுக்கு மேல் (வழக்கமாக ஆறேழு மாதம்) இழுத்தால், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்து, கட்டிய பணத்தை வட்டியோடு பேங்கிடமே வாங்கிக்கொண்டு போகலாம்.

இதில் தப்பே இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான். ஆனால் இதன் உள்குத்தைப் பாருங்கள். 2007-ல் கப்பல் விலை உச்சத்தில். எல்லோரும் ஆர்டர் போட்டார்கள். 2008 கடைசியில் சந்தை விழுந்தது. இப்போது, பழைய உச்ச விலைக்கு ஆர்டர் போட்டவனுக்கு அந்தக் கப்பல் வேண்டுமா? வேண்டாம். சரியான நேரத்தில் கட்டி நிறுத்தினால் அவன் வாங்கியே ஆகவேண்டும். யார்டு தாமதித்தால்? தாமதம் அவனுக்கு லாட்டரி! ரத்து செய்து, வட்டியோடு பணத்தை வாங்கி, பாதி விலைக்கு வேறு கப்பல் வாங்கிவிடுவான். தாய்லாந்தின் பிரெஷஸ் ஷிப்பிங் அந்த நேரத்தில் ஏபிஜியிடம் 18 கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. யார்டு தேதி தவறத் தவற, பல ஒப்பந்தங்களை ரத்து செய்து, பணத்தைக் கேரண்டிப்படி திரும்ப வாங்கிக்கொண்டது. புத்திசாலிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக்காரன் பணம் அவனிடம் போய்விட்டது. மீதி இருந்தது யார் பணம்? எஸ்பிஐ, ஐடிபிஐ, பஞ்சாப் நேஷனல், பேங்க் ஆஃப் பரோடா. அதாவது உங்கள் மாமனாரின் ரிட்டையர்மென்ட் டெபாசிட் இருக்கிற இடம்.

2014 மார்ச்சில் கடனைச் சீரமைத்துக் கொடுத்தார்கள். தேறவில்லை. 2016 ஜூலையில் வாராக்கடன் என்று அறிவித்தார்கள், அதுவும் 2013 நவம்பர் 30-ல் இருந்தே வாராக்கடன் என்று பின்தேதியிட்டு. 2017-ல் ரிசர்வ் பேங்க் திவால் நடவடிக்கைக்கு அனுப்பிய முதல் 12 பெரிய கணக்குகளில் இதுவும் ஒன்று. வாங்க ஆள் சிக்காமல் 2019-ல் கலைக்க உத்தரவு. தணிக்கை அறிக்கை 2019 ஜனவரியில் வந்தது, எஸ்பிஐ புகார் கொடுத்தது அதே வருஷம் நவம்பரில், சிபிஐ வழக்குப் பதிந்தது 2022 பிப்ரவரி 7-ல். 28 வங்கிகள், 22,842 கோடி ரூபாய். ஐசிஐசிஐ மட்டும் 7,000 கோடிக்கு மேல். கொடுத்த கடன் கொடுத்த காரியத்துக்குப் போகாமல் வேறு பக்கம் திருப்பப்பட்டது என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். அன்றைக்கு சிபிஐ பதிந்ததிலேயே பெரிய வங்கி மோசடி வழக்கு இதுதான். (நாலே மாதத்தில் டிஎச்எஃப்எல் வழக்கு வந்து அந்த சாதனையை முறியடித்தது. நம்ம நாட்டில் எந்த சாதனையும் நிலைப்பதில்லை.)

தஹேஜ் யார்டின் சொத்துகளை வெல்ஸ்பன் 2022-ல் சுமார் 659 கோடிக்கு வாங்கியது. 22,842 எங்கே, 659 எங்கே. 2025 மார்ச்சில் அந்த நவ்யான் ஷிப்யார்டின் 74 சதவீதத்தை ரிலையன்ஸ் குழுமம் வாங்கிவிட்டது. மறுபடியும் ஒரு குடும்பம். வாழ்த்துகள்.

"ஒரு குடும்பம் சரியில்லை என்றால் எல்லாக் குடும்பத்தையும் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அடுத்த கதை.

பாரதி ஷிப்யார்டு. பரம்பரைப் பணக்காரர்கள் இல்லை. ஐஐடி கரக்பூரில் படித்த இரண்டு நேவல் ஆர்க்கிடெக்டுகள் 1973-ல் ஆரம்பித்தது. ரத்னகிரி, தபோல், கோவா, மங்களூர், கொல்கத்தா என்று யார்டுகள். ஒரு காலத்தில் எனக்கே இவர்கள் மேல் பெரிய மரியாதை. 2007-ல் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் இருந்த புகழ்பெற்ற ஸ்வான் ஹண்டர் யார்டு மூடியபோது, அதன் கிரேன்களையும் மிதக்கும் துறையையும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். எந்த ஊர் கப்பல் கட்டி உலகத்தை ஆண்டதோ அந்த ஊர் கிரேன் நம்ம கொங்கணக் கரைக்கு வருகிறது என்று அன்றைக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

2009-ல் என்ன நடந்தது? உலகமே ஆர்டர் இல்லாமல் தவிக்கிற வருஷம். அந்த வருஷம் பார்த்து, ஏபிஜியும் பாரதியும் கிரேட் ஆஃப்ஷோர் என்ற கப்பல் கம்பெனியைப் பிடிக்க ஒருவரை ஒருவர் மிஞ்சி ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாரதி பங்குக்கு 344 ரூபாயில் ஆரம்பித்தது. ஏபிஜி ஏற்றியது. இது ஏற்றியது. அது ஏற்றியது. கடைசியில் 590 ரூபாய்க்குப் போய் பாரதி ஜெயித்தது. ஏபிஜி தன் கையில் இருந்த பங்கை லாபத்துக்கு விற்றுவிட்டு நகர்ந்தது. ஸ்லிப்வேயில் பாதி ஹல் நிற்கிறது, பெயிண்டுக்குப் பணம் இல்லை, ஆனால் கவுரவப் போட்டிக்குக் கடன் கிடைக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத முதலாளி என்ன செய்வார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஜெயித்தது என்ன ஆயிற்று தெரியுமா? 2016-ல் அந்தக் கம்பெனியின் (அப்போது பெயர் ஜிஓஎல் ஆஃப்ஷோர்) 'மாளவியா செவன்' ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் சம்பளம் கொடுக்கப்படாமல் சிறைப்பட்டது. இந்திய மாலுமிகள் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார்கள். உள்ளூர்க்காரர்களும் சர்ச்சுகளும் தொழிற்சங்கமும் சாப்பாடு கொடுத்தார்கள். 2017 செப்டம்பரில் நீதிமன்றம் கப்பலை விற்ற பிறகுதான் வழி பிறந்தது. 'மாளவியா ட்வென்டி' இன்னும் மோசம். இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில் 2016 ஜூனில் மாட்டியது, கேப்டனும் கூட இருந்த சிலரும் வீடு திரும்ப 2018 ஆயிற்று. ஏலம் கேட்ட எவரும் அந்தக் கப்பலில் ஒரு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2002-ல் இருந்து தனியார் யார்டுகளுக்கும் 30 சதவீதம் சப்சிடி கிடைத்தது. ஏற்றுமதி ஆர்டர் என்றால் எந்த அளவுக் கப்பலுக்கும் உண்டு. இவர்கள் விரிவாக்கம் எல்லாம் அதை நம்பித்தான். 2007 ஆகஸ்ட் 14-ம் தேதியோடு அது முடிந்தது, அடுத்து என்ன என்று எட்டு வருஷம் யாரும் சொல்லவில்லை. புதுக் கொள்கை வந்தது 2015 டிசம்பரில். நடுவில் உலகச் சந்தையும் விழுந்தது. யார்டுகள் அழுததில் பாதி உண்மைதான். மீதிப் பாதியைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இப்போது கொரியாவுக்கு வருவோம். ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் 500 வோன் நோட்டில் இருந்த ஆமைக் கப்பல் படத்தைக் காட்டி லண்டனில் கடனுக்கு வழி பண்ணிய கதை எல்லா ஃபார்வர்டிலும் வரும். யார்டே இல்லாமல், வெறும் கடற்கரைப் படத்தைக் காட்டி, லிவானோஸ் என்ற கிரேக்கரிடம் இரண்டு ராட்சத எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆர்டர் வாங்கியதும் வரும். உல்சானில் யார்டையும் கப்பலையும் ஒரே நேரத்தில் கட்டினார்கள். புல்லரிக்கும்.

ஃபார்வர்டு அங்கே நின்றுவிடும். அடுத்த பாதி முக்கியம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டேங்கர் சந்தை படுத்தது. தாமதத்தைக் காரணம் காட்டி லிவானோஸ் இரண்டாவது கப்பலை எடுக்க மறுத்தார். மற்றவர்களும் கைவிரித்தார்கள். அப்படியே நம்ம 2009 நிலைமை. ஹூண்டாய் என்ன செய்தது? யாரும் வாங்காத கப்பல்களை வைத்து 1976-ல் சொந்தமாக ஒரு கப்பல் போக்குவரத்துக் கம்பெனி ஆரம்பித்து, கொரியாவுக்கு வருகிற எண்ணெயை அதில் ஏற்றியது. கப்பல் துருப்பிடிக்கவில்லை, வேலை நிற்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு அரசாங்கம் தடியோடு நின்றது. கடன் கொடுத்தது, ஏற்றுமதி இலக்கை எட்டாதவனுக்கு அடுத்த கடனை மறுத்தது. அது சர்வாதிகார அரசாங்கம், அந்தத் தடி நமக்கு வேண்டாம். ஆனால் தடியை எடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் காப்பியடித்தால் அதற்குப் பெயர் கொரியா இல்லை, தஹேஜ்.

மும்பைக்காரர்கள் உடனே வாடியா குடும்பத்தை இழுப்பார்கள். உண்மைதான், 1736-ல் இருந்து தலைமுறை தலைமுறையாகப் பம்பாயில் கப்பல் கட்டிய பார்சிக் குடும்பம். நம்ம திருகோணமலை பெயரைத் தாங்கி 1817-ல் இவர்கள் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. ஆனால் வாடியாக்கள் தலைமைக் கட்டுநர்கள். கப்பல்துறை கம்பெனி வெள்ளைக்காரனுடையது. கைவேலை குடும்பத்தினுடையது, கணக்கு வேறொருவன் கையில். நாம் தலைகீழாகச் செய்தோம்: கணக்கைக் குடும்பத்திடமும் கைவேலையைக் காண்டிராக்டரிடமும் கொடுத்தோம்.

எதுவுமே உருப்படாது என்று சொல்ல வரவில்லை. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த தெப்மா ஷிப்யார்டைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். கர்நாடகத்தில் மால்பே கடற்கரையில் அதற்கு யார்டு. 2010-ல் பாரதி அதை வாங்கியது, பாரதியோடு சேர்ந்து அதுவும் படுத்தது. 2020-ல் திவால் நடைமுறையில் பொதுத்துறை கொச்சின் ஷிப்யார்டு அதை எடுத்தது. இப்போது பெயர் உடுப்பி கொச்சின் ஷிப்யார்டு. அதே மால்பே, அதே கடல்காற்று. நார்வேயின் வில்சன் கம்பெனி 2023-ல் ஆறு சரக்குக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது, 2024-ல் அதைவிடப் பெரிய கப்பல்களுக்கு மறுபடி வந்தது. வெளிநாட்டுக்காரன் மறுபடி வருவதுதான் இந்தத் தொழிலில் ஒரே சர்டிபிகேட். அரசு யார்டு என்பதால் மட்டும் இது நடக்கவில்லை, அரசு யார்டுகள் தூங்கி வழிந்ததையும் பார்த்திருக்கிறேன். கணக்கு வெளியே தெரிந்தது, கேட்க ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

புதுத் திட்டத்தில் இந்த முறை கப்பல் கட்டக் கட்டத்தான், பிணை வாங்கிக்கொண்டுதான் உதவித்தொகை என்று விதி எழுதியிருக்கிறார்கள். நல்லது. நான் கேட்பது இன்னும் இரண்டு. எந்தக் கப்பல், யாருக்கு, எந்தக் கட்டத்தில், எத்தனை நாள் தாமதம் என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வரவேண்டும். பொதுப்பணத்தில் கட்டுகிற கப்பலின் கால அட்டவணை என்ன ராணுவ ரகசியமா? இரண்டாவது, யார்டுக்குப் போகிற ஒவ்வொரு தவணையிலும் கூலியின் பங்கு தனிக் கணக்கில் போடப்பட வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் கேரண்டி உண்டு. பேங்குக்கு அடமானம் உண்டு. வெல்டருக்கு என்ன உண்டு?

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர், முப்பது ஃபிட்டர்களை வைத்து இந்தப் பக்கத்து யார்டு ஒன்றில் சப்-காண்டிராக்ட் எடுத்திருந்தார். யார்டு பெயர் வேண்டாம். பதினாலு மாத பில் நின்றது. மனைவி நகையை வைத்துப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தார். யார்டு திவாலுக்குப் போனபோது அவர் "ஆபரேஷனல் கிரெடிட்டர்" ஆனார். கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் கலைப்பில் பணம் பிரிக்கிற வரிசை இப்படி: முதலில் திவால் நடைமுறைச் செலவு, பிறகு 24 மாதத் தொழிலாளர் பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் பேங்குகளும் சமமாக, பிறகு ஊழியர் சம்பளம், பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், பிறகு அரசு பாக்கி, அதற்கும் கீழே அவர். அந்த முப்பது பேரோ யார்டின் தொழிலாளர்களே இல்லை, காகிதத்தில் அவருடைய ஆட்கள். இரண்டாவது வரிசையில் நிற்கக்கூட அவர்களுக்கு இடமில்லை.

எனவே ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டுகிற தம்பிகளே, பிளாட்டை அப்புறம் பாருங்கள். முதலில் வேலை உத்தரவைப் பாருங்கள். காண்டிராக்டர் பெயருக்குக் கீழே யார்டின் பெயர் முதன்மை முதலாளி என்று இருக்கிறதா? 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும், காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த யார்டில் நீங்கள் வேலை பார்த்ததற்குக் கையில் காகிதம் வேண்டும். சம்பள ரசீது, பிஎஃப் நம்பர், கேட் பாஸ் காப்பி, எல்லாவற்றையும் மாதா மாதம் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கலைப்பு உத்தரவு வந்த பிறகு பாக்கி கேட்டு மனு கொடுக்க 30 நாள்தான் கெடு, அந்த அறிவிப்பும் ஏதோ ஒரு பேப்பரின் மூலையில் வரும்.

அந்தத் தூத்துக்குடி அண்ணாச்சியிடம் போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஹூண்டாய் வராதுங்கியளா?" என்றார். வரட்டும், தாராளமாக வரட்டும். வருகிறவனிடம் அந்தத் தனிக் கணக்கை முதல் நாளே கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.